கடலோரக் காரில் கப் ஹோல்டர் தொல்லைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம், ஏர்வாடி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டியே ஓடுகிற கார்களில் கப் ஹோல்டர் படும் பாடு தனி. உள்நாட்டில் அது தூசி பிடிக்கும், அவ்வளவுதான். இங்கே உப்புக் காற்று, தனுஷ்கோடி மணல், பதநீர், தீர்த்த பாட்டில், பிள்ளைகள் பொறுக்கி வந்த சிப்பி என்று எல்லாம் அந்தக் குழிக்குள்தான் போய்ச் சேருகின்றன. வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது பிரேக், ஆயில், ஏசி எல்லாவற்றையும் சொல்கிறோம். இதை யாரும் சொல்வதில்லை.

ஆனால் பாட்டில் ஓட்டுநரின் காலடிக்கு உருண்டுவிடாமல் பிடித்து வைப்பது இந்தக் குழிதான். சொகுசுச் சாமான் என்று ஒதுக்கிவிடக் கூடாது. சீட் பெல்ட்டைப் பார்ப்பது போலவே இதையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நல்ல வேளையாக, பெரும்பாலான கோளாறுகளுக்குப் புதிதாக எதையும் வாங்கவும் வேண்டாம். அளந்து பார்ப்பதும் சுத்தம் செய்வதுமே போதும்.

கீழே உங்கள் வண்டியில் தெரிகிற அறிகுறியைத் தேடி அங்கிருந்து படிக்கலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

பிரேக் போட்டால் பாட்டில் எகிறிக் காலடிக்கு வருகிறது

ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் குனிந்து எடுக்காதீர்கள். காலால் தள்ளியும் விடாதீர்கள், தள்ளுகிற பாட்டில் பெடலுக்கு அடியில்தான் போய்ச் செருகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, இண்டிகேட்டர் போட்டு, இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். பிரேக் பெடல் முழுதாக இறங்கவில்லை என்றால் பாட்டில் ஏற்கெனவே அடியில் சிக்கிவிட்டது என்று பொருள். அப்போது கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வேகத்தை இறக்க வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். கீழே பார்த்துக்கொண்டிருக்க நேரமே இல்லை.

நின்ற பிறகு காரணத்தைத் தேடலாம். பாட்டில் ஹோல்டரில் இருந்து கிளம்பியதா, அல்லது சீட்டில் சும்மா கிடந்ததா? பெரும்பாலும் சீட்டில் கிடந்ததாகத்தான் இருக்கும். இந்தப் பக்கம் பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. அதனால் வெளியே கிளம்பும்போது 2 லிட்டர் பாட்டிலைத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் போகிறோம். அந்தப் பாட்டில் எந்தக் கப் ஹோல்டரிலும் நிற்காது, நிற்க வைக்க முயலவும் வேண்டாம். முன்னால் இருக்கும் பயணி சீட்டுக்குப் பின்புறம், தரையில், படுக்க வைத்து அடைப்பு கொடுத்தால் போதும். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் வைத்தால் பிரேக் போடும்போது சீட்டுக்கு அடியிலேயே உருண்டு முன்னால் வந்துவிடும். அதை மட்டும் தவிருங்கள்.

ஓட்டுநர் குடிக்கத் தனியாக அரை லிட்டர் பாட்டில் ஒன்றை ஹோல்டரில் வையுங்கள். நிறுத்துகிற இடத்தில் பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம்.

ஒரு லிட்டர் பாட்டில் குழிக்குள் இறங்க மாட்டேன் என்கிறது

முதலில் அளவு. பாட்டிலின் வயிற்றைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு கிடைத்துவிடும். நூல் 25 செ.மீ. வந்தால் பாட்டில் ஏறக்குறைய 8 செ.மீ. அகலம். அப்புறம் ஹோல்டரின் வாயை ஸ்கேல் வைத்து அளங்கள், அதன் அடியையும் தனியாக அளங்கள். இந்த இரண்டாவது அளவில்தான் விஷயம் இருக்கிறது.

பல கார்களில் ஹோல்டர் மேலே அகன்று கீழே குறுகும். அது காகிதக் கப்புக்காகப் போட்ட வடிவம். 1950களில் அமெரிக்கக் கார்களில் குளோவ் பாக்ஸ் மூடியின் உட்பக்கம் ஆழமில்லாத இரண்டு வட்டப் பள்ளம் வைப்பார்கள். நின்ற வண்டியில் டம்ளர் வைக்க மட்டும்தான் அது உதவும். 1957இல் வந்த காடிலாக் எல்டராடோ பிரௌம் காரில் அந்த மூடியில் நிற்பதற்காகக் காந்த அடி வைத்த டம்ளர்களே கொடுத்தார்கள். ஓடும் வண்டியில் பிடிக்கிற மாதிரி ஆழமான குழி பரவலானது 1983இல் கிரைஸ்லர் மினிவேன்கள் வந்த பிறகு. அந்த ஊர்க்காரர்கள் காரில் குடித்தது கூம்பு வடிவக் கப்பில் காப்பியும் டின்னில் குளிர்பானமும். குழியும் அதற்கேற்றபடி அமைந்தது. நாம் வைப்பது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் உள்ள தண்ணீர் பாட்டில். மேல் வாயில் நுழைந்தாலும் பாதியில் நின்றுவிடுவது அதனால்தான்.

பாட்டிலை அழுத்தித் திணிக்காதீர்கள். மெல்லிய பாட்டில் நசுங்கி இறங்கும், ஆனால் திரும்ப எடுக்கும்போது மூடி கழன்று எல்லாம் கொட்டும். குழிக்குள் ரப்பர் லைனர் இருந்தால் கழற்றிப் பாருங்கள். சில மில்லிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கும், சில வண்டிகளில் அதுவே போதும். போதவில்லை என்றால் கதவுப் பையில் வைக்கலாம். அங்கே பெரும்பாலும் ஒரு லிட்டருக்கென்றே வளைவு இருக்கும். கதவை அறைந்து சாத்தும்போது மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது.

இறங்குகிறது, ஆனால் ஆடுகிறது, கடகடக்கிறது

பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினால் இது உடனே தெரிந்துவிடும். 2 கி.மீ.க்கு மேல் நீளமான அந்தப் பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் தடக் தடக்கென்று ஏறி இறங்கும்போது, தளர்வான பாட்டிலும் கூடவே தாளம் போடும்.

ஆடுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். குழி அகலமாக இருக்கலாம், அல்லது ஆழம் போதாமல் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பாட்டிலை உள்ளே வைத்து அடிப்பாகத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். அடி நகர்ந்தால் அகலம்தான் கோளாறு. அடி நகராமல் தலை மட்டும் சாய்ந்தால் ஆழம் போதவில்லை.

அகலம் அதிகம் என்றால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி, குழியின் உட்சுவரில் ஒட்டி நிற்கும்படி வைத்தால் அடங்கிவிடும். துணி சுற்றி வைக்கிறார்கள், அது வேண்டாம். துணி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் கடல் காற்றில் அது காயவே காயாது.

ஆழம் போதவில்லை என்றால் டியூபும் உதவாது, வேறு எதுவும் உதவாது. பாட்டிலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது குழிக்குள் இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. 26 செ.மீ. உயரப் பாட்டில் 5 செ.மீ. குழியில் நின்றால் எடை முழுக்க விளிம்புக்கு மேலே இருக்கிறது. முதல் திருப்பத்தில் சாயாவிட்டாலும் இரண்டாவதில் சாயும். அந்தக் குழிக்குக் குட்டையான பாட்டில்தான் சரி. வேறு வழியே இல்லை என்றால் நிறைபாட்டிலை வைக்காமல் பாதி குடித்துவிட்டு வையுங்கள். எடை கீழே இறங்கியிருக்கும், கொஞ்சம் நிதானமாக நிற்கும்.

பின் சீட்டின் நடுவில் கைவைக்கும் பலகையில் இருக்கிற ஹோல்டர்கள் பல வண்டிகளில் இந்த வகைதான். பார்க்க அழகு, ஆழம் இல்லை. மூடி திறந்த எதையும் அங்கே வைக்கக் கூடாது.

டீ சிந்துகிறது

கண்ணாடி கிளாஸ் டீ கடையிலேயே குடித்து முடிக்க வேண்டியது, அதில் பிரச்சினை இல்லை. கப்பில் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறுகிறவர்களுக்குத்தான் இது. பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கப்புகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. சொந்தமாக மூடி போட்ட ஸ்டீல் டம்ளரோ ஃபிளாஸ்கோ வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

சின்ன டீ கப் ஆழமான குழிக்குள் மூழ்கிவிடும். விளிம்பைப் பிடித்துத் தூக்க விரலுக்கு இடம் இருக்காது. இரண்டு விரலை உள்ளே விட்டு இடுக்கி எடுக்கும்போது கப் நசுங்கிச் சூடான டீ கையிலும் கியரிலும் கொட்டும். கப்பின் வாய், குழியின் விளிம்புக்கு மேலே இரண்டு விரல் அளவாவது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அடியில் தடித்த ரப்பர் வட்டம் ஒன்று போட்டு உயர்த்துங்கள்.

கப்பைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். 1992இல் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில், நின்றிருந்த காரில் பயணி சீட்டில் உட்கார்ந்திருந்த 79 வயது மூதாட்டி ஒருவர் காப்பிக் கப்பை முழங்கால்களுக்கு நடுவே வைத்து மூடியைத் திறந்தார். காப்பி மடியில் கொட்டி, தோல் மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போனது. காப்பியின் சூடு பற்றிய பெரிய வழக்காக அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தக் காரில் கப் ஹோல்டர் இல்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. நின்ற வண்டியிலேயே இப்படி என்றால் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் வேகத்தடை ஏறுகிற வண்டியில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 60 டிகிரி சூடுள்ள திரவம் சில நொடிகளிலேயே ஆழமான தீக்காயம் ஏற்படுத்தும். கடையில் ஆற்றிக் கொடுக்கச் சொல்லி, நின்றே குடித்துவிட்டு ஏறுவதுதான் சரி.

எப்போது பார்த்தாலும் அடியில் தண்ணீர் நிற்கிறது

பாட்டில் ஓட்டை என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் அது பாட்டிலின் வியர்வை. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், கடையிலிருந்து எடுத்த ஐஸ் பாட்டிலின் மேல் அது நீராகப் படிந்து வழிந்து குழியில் தேங்குகிறது. குழிக்கு வடிகால் கிடையாது. வடிகால் வைத்தால் தண்ணீர் அடியிலுள்ள ஒயர்களுக்குப் போய்விடும் என்பதால் வைப்பதும் இல்லை.

குளிர்ந்த பாட்டிலைத் துடைத்துவிட்டு வையுங்கள். இரவு வண்டியை நிறுத்தும்போது ஹோல்டரைக் காலி செய்து ஒரு முறை துடைத்துவிட்டால் போதும். ஆனால் ஐஸ் பாட்டில் வைக்காத நாளிலும் ஈரம் கசிகிறது என்றால் காரணம் வேறு. குழியில் கடல் உப்பு படிந்திருக்கிறது. கடல் உப்பில் சாப்பாட்டு உப்போடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை முறை துணியால் துடைத்தாலும் மறுநாள் பிசுபிசுக்கும். அடுத்ததைப் படியுங்கள்.

சிறகு மடங்கவில்லை, திறப்பு சிக்குகிறது, உள்ளே நறநறவென்கிறது

மணலும் உப்பும் செய்கிற வேலை இது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகும் சாலை 2017இல் திறந்த பிறகு, கடலின் நுனி வரைக்கும் காரிலேயே போய்விடலாம். ஆடிக் காற்றில் மணல் சாலையைக் குறுக்கே கடந்து ஓடும். கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி வைத்தாலே போதும், உள்ளே வந்துவிடும். வரும் மணல் தாழ்வான இடத்தைத் தேடிப் போய் உட்காரும். கப் ஹோல்டரின் உட்சுவரில் பாட்டிலை அழுத்திப் பிடிக்க வைத்திருக்கும் சின்னச் சிறகுகளின் பின்னால் ஸ்பிரிங் இருக்கும். மணல் அங்கே புகுந்தால் சிறகு உள்ளே போனது போனதுதான், திரும்ப வெளியே வராது. இன்னோவா மாதிரி டாஷ்போர்டில் இருந்து இழுக்கிற வகை ஹோல்டர் என்றால் தண்டவாளத்தில் மணல் அரைபட்டுப் பாதியில் நிற்கும்.

இதில் வரிசைதான் முக்கியம். முதலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் மணல் சேறாகி இடுக்கில் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். காற்றடிக்கும் பம்பாலும் ஊதக் கூடாது, அதுவும் உள்ளேதான் தள்ளும். காய்ந்த பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் மணலைக் கிளப்பிக்கொண்டே வேக்குவமால் உறிஞ்சுங்கள். வெளிப்பக்கம் சுத்தமானதும் ரப்பர் லைனரைத் தூக்குங்கள். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாத ஹோல்டரில் கூட அதன் அடியில் ஒரு படலம் இருக்கும். சாம்பல் நிறம், விரல் வைத்தால் களிம்பு போல ஒட்டும், நடுவில் பளபளக்கிற மணல், துருப்பிடித்த குண்டூசி, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த உப்பு. அத்தனையும் காய்ந்த நிலையிலேயே வழித்து எடுத்துவிட வேண்டும்.

மணல் போன பிறகுதான் ஈரம். உப்பு தண்ணீரில் மட்டும்தான் கரையும். பாலிஷ், ஸ்பிரே எதற்கும் அது அசையாது. நல்ல தண்ணீரில், கவனியுங்கள், போர் தண்ணீரில் வேண்டாம், துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். துணியை அலசி மறுபடி துடையுங்கள். பிசுபிசுப்பு முழுக்கப் போகிற வரைக்கும் இப்படியே. பிறகு கதவுகளைத் திறந்து வைத்து நன்றாகக் காயவிடுங்கள். சிறகும் தண்டவாளமும் இன்னும் இறுக்கமாக இருந்தால் சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய், கிரீஸ் இரண்டும் கூடாது. அடுத்த முறை தனுஷ்கோடி போனால் மணல் அதிலேயே அப்பிக்கொள்ளும்.

பிசின் போல ஒட்டுகிறது, கியரும் இறுக்கமாக இருக்கிறது

பனை சீசனில், பங்குனி சித்திரை வாக்கில் அதிகம் வரும் கோளாறு. சாலையோரம் பதநீர் வாங்கி ஓலைப் பட்டையில் குடித்தவர்கள், வீட்டுக்கும் பாட்டிலில் ஊற்றி வாங்கி ஹோல்டரில் வைப்பார்கள். வெயிலில் அது புளித்து, வாயு கட்டி, மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கும். ஹோல்டர் நிரம்பி வழிந்தால் அடுத்த பள்ளம் கியர் லீவரின் அடிதான்.

வாடகை வண்டி ஓட்டும் தம்பி ஒருவர் இப்படித்தான் வந்தார். “அண்ணே, ரெண்டாவது கியர் பிடிச்சு பிடிச்சு வருது. கியர் பாக்ஸ் போச்சாண்ணே?” கியரைச் சுற்றியிருக்கும் தோல் உறையைத் தூக்கிப் பார்த்தால், மடிப்புகளுக்குள் பதநீர் பழுப்பு நிறப் பாகாக இறுகி, தோலோடு தோலை ஒட்டியிருந்தது. எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எஞ்சினை அணைத்து, கிளட்ச்சை மிதித்துக் கியரை மாற்றச் சொன்னேன். வழுக்கிக்கொண்டு போனது. இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். உறையைத் தூக்கியதும் கியர் இலகுவானால் ஒட்டுதான் காரணம். தூக்கிய பிறகும் இறுக்கம் இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள்.

சர்க்கரைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் கோணும். நனைத்த துணியை ஒட்டின இடத்தில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் இளகிவிடும், சுரண்ட வேண்டாம். அதன் பிறகும் வெள்ளையாகத் தடம் தெரிந்தால் அது பதநீரில் போடுகிற சுண்ணாம்பு. தண்ணீரில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, இரு முன் சீட்டுகளுக்கு நடுவில் இந்தப் பகுதிக்கு அடியில்தான் இருக்கிறது. கொட்டிய பிறகு டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் நீங்களாக எதையும் கழற்றாதீர்கள். உள்ளே மஞ்சள் நிற ஒயரோ பிளக்கோ தெரிந்தால் கை வைக்கவே கூடாது. நேரே சர்வீஸ் சென்டர்தான். பக்கத்திலுள்ள சார்ஜர் துளையில் ஈரம் போயிருந்தால், நன்றாகக் காய்கிற வரை போனைச் சொருகாதீர்கள்.

வண்டிக்குள் ஒரு வாடை, எங்கிருந்து என்று தெரியவில்லை

பின் சீட்டு ஹோல்டரைப் பாருங்கள். பிள்ளைகள் பொறுக்கி வந்த சிப்பியும் சங்கும் அங்கேதான் இருக்கும். வெறும் ஓடு என்று நினைத்து எடுத்ததற்குள் பூச்சி உயிரோடு இருந்து, வெயிலில் செத்துப் போயிருக்கும். அந்த வாடைக்கு வாசனைத் திரவியம் தொங்கவிட்டுப் பயனில்லை. எடுத்துப் போட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கிற கரை இது. பவளப்பாறைத் துண்டு எடுத்து வருவது சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது நல்லது.

இராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அக்னி தீர்த்தத்தில் கடல் நீரைப் பாட்டிலில் பிடித்து எடுத்துப் போவதும் உண்டு. அது ஹோல்டரில் கசிந்தால் மேலே சொன்ன உப்புக் கதைதான். தீர்த்தப் பாட்டிலை மூடி இறுக்கி, ஒரு பைக்குள் கட்டி, டிக்கியில் நிற்க வையுங்கள்.

ஏசி துளையில் மாட்டும் ஹோல்டர் தொங்கிவிட்டது

கழற்றிவிடுங்கள். ஏசியின் மெல்லிய தகடுகள் காற்றைத் திருப்பத்தான், ஒரு கிலோ தண்ணீரைத் தாங்க அல்ல. தகடு உடைந்தால் அந்த வென்ட்டையே மாற்ற வேண்டி வரும். வண்டியோடு வந்த ஹோல்டர் வேறு. எர்டிகாவில் முன்னால் இருக்கும் ஹோல்டருக்கு ஏசி காற்றை உள்வழியாகவே விட்டிருக்கிறார்கள், எடையைத் தாங்குவது குழிதான். நம் வெயிலுக்கு அது நல்ல ஏற்பாடு.

பகல் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் டின் வெடித்துக் கிடக்கிறது

வாயு அடைத்த பானம், சிகரெட் லைட்டர், வாசனை ஸ்பிரே மூன்றையும் ஹோல்டரில் விட்டுப் போகாதீர்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும். வேறு வைத்தியம் கிடையாது.

புது வண்டி பார்க்கப் போகிறேன், ஹோல்டர் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது

எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். சுபாரு அசென்ட் என்ற காரில் மூன்று வரிசை சீட்டுக்கும் சேர்த்து 19 ஹோல்டர்கள். நமக்கு உருப்படியாக இரண்டு இருந்தாலே தாராளம். வீட்டில் தினமும் எடுத்துப் போகும் பாட்டிலையே ஷோரூமுக்கும் கொண்டு போங்கள். ஹோல்டரில் நிறுத்திவிட்டு முதல் கியர், மூன்றாவது, ஐந்தாவது போட்டுப் பாருங்கள், கை பாட்டிலில் இடிக்கக் கூடாது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். சார்ஜர் துளை ஹோல்டரைவிடத் தாழ்வாக, வழிகிற பாதையில் இருந்தால் அது கெட்ட அமைப்பு. கடைசியாக, குழிக்குள் விரலை விட்டு லைனரைத் தூக்கிப் பாருங்கள். கடலோரத்தில் ஓடப் போகிற வண்டிக்குக் கழற்றிக் கழுவுகிற லைனர் கட்டாயம் வேண்டும். இல்லை என்றால் அளவுக்கு ரப்பர் மேட் தனியாகக் கிடைக்குமா என்று, முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.